ஏர் பிஸ்டலும் கல்லடிக் காற்றும்: தேய்மானமும் தொழிற்சாலைப் பழுதுபார்ப்பும்

10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டல் ஒன்றைப் பல ஆண்டுகளாக மட்டக்களப்பின் கடலோரப் பகுதியான கல்லடியில் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர், மொரினி, பார்டினி என்று இந்தத் துறையில் பேரெடுத்தவை சிலதான். என்னுடையது எது என்பது இங்கே தேவையில்லை, ஏனெனில் உள்ளே எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான். குழலுக்குக் கீழே 200 பார் (காற்றழுத்த அலகு) வரை காற்று அடைத்த சிலிண்டர். அந்த அழுத்தத்தைக் குறைத்து ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அளவாக விடும் ரெகுலேட்டர். பிறகு சுட விரலால் இழுக்கும் விசை, அங்கங்கே காற்றுக் கசியாமல் அடைக்கும் இறப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள். தேய்வதும் இவைதான். 4.5 மி.மீ. ஈயக் குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போவதால் எஃகுக் குழலுக்கு என்ன வந்துவிடப் போகிறது? குழலை மாற்றச் சொல்லி யாராவது ஆலோசனை தந்தால், கேட்டுவிட்டு ரெகுலேட்டரைப் பாருங்கள்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இந்த வகை பிஸ்டல் வைத்திருப்பவருக்கு முதல் கவலை காற்று. நமக்குக் கைகொடுப்பது ஹேர்மஸ். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நம் கரைக்கு அப்பால் 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்கச் சுழியோடிகள் வருகிறார்கள், அவர்களுக்காகக் கரையில் கம்ப்ரசர் ஓடுகிறது. மனிதன் மூச்சுவிடும் காற்று என்பதால் ஈரமும் எண்ணெயும் வடிகட்டப்பட்ட சுத்தமான காற்று. பொருத்தமான இணைப்புத் துண்டு ஒன்று இருந்தால் சுழியோடியின் தொட்டியிலிருந்து பிஸ்டல் சிலிண்டரை நேரடியாக நிரப்பிக்கொள்ளலாம்.

ஆனால் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் மூடிவிடும். "அண்ணன், மார்கழியில் இந்தக் கடலுக்கு யார் வருவார்கள்? கம்ப்ரசரைக் கழற்றி வைத்துவிட்டோம்" என்பார் கடைப் பையன். அந்த மாதங்களில் கைப்பம்புதான் கதி. மழைக்காலக் கல்லடிக் காற்றை 200 பாருக்கு அழுத்தினால் அதிலுள்ள நீராவி நீராகித்தானே தீரும்? பம்பின் அடியிலுள்ள சிறு துளையைத் திறந்தால் சீறிக்கொண்டு தண்ணீர் வரும். அங்கே வராதது சிலிண்டருக்குள் போகிறது, அங்கிருந்து ரெகுலேட்டருக்கு.

ரெகுலேட்டர் கெட்டுக்கொண்டிருப்பதைக் கையால் சுட்டுக் கண்டுபிடிக்க முடியாது. நம் கை அதைவிடக் கூடுதலாக ஆடும். மேசையில் மணல்மூட்டை மேல் தாங்கிவைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது, சற்று ஓய்வுக்குப் பிறகு சுட்ட முதல் குண்டு பத்தாம் வளையத்தின் மேல்விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றது. அடுத்தவை அதற்குக் கீழே ஒரே துளையாகக் கொத்தாக விழுந்தன. தேநீர் குடித்துவிட்டு வந்து சுட்டால் மறுபடியும் முதல் குண்டு மேலே. ஓய்வு நேரத்தில் உயர் அழுத்தக் காற்று அடைப்பைத் தாண்டி மெல்லக் கசிந்து கூடுதலாகச் சேர்கிறது, முதல் குண்டு வேகமாகப் போகிறது என்பது பொருள். வேகம் நொடிக்கு 150 மீட்டரிலிருந்து 140 ஆகக் குறைந்தாலே 10 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 3 மி.மீ. தாழ்ந்துவிடும். பத்தாம் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான்.

சிலிண்டர் கசிவு வேறு கதை. இரவு 180 பார் காட்டிய அழுத்தமானி காலையில் 150 காட்டினால், இணைப்பில் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் ஓர் ஓ-ரிங் தான். நகரத்தில் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் ஓ-ரிங் கிடைக்கிறது, அளவும் பொருந்துகிறது, ஆனால் அவை பெரும்பாலும் 70 ஷோர் கடினம் (ஷோர் என்பது இறப்பரின் கடினத்தை அளக்கும் அலகு). 200 பார் தாங்கும் இடத்துக்கு 90 ஷோர் வேண்டும். மென்மையான வளையம் அழுத்தத்தில் இடுக்குக்குள் பிதுங்கி, கழற்றும்போது ஓரம் நார் நாராக உரிந்து வரும். ஹைட்ராலிக் வேலை செய்யும் பாஸ் ஒருவர் கனரக இயந்திரங்களுக்கென வைத்திருந்த பெட்டியிலிருந்து 90 ஷோர் வளையங்களைத் தேடித் தந்தார். தடவுவதற்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். உயர் அழுத்தக் காற்றோடு பெற்றோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றக்கூடும், அதில் எந்தத் துணிச்சலும் வேண்டாம். ஓ-ரிங் வேலைக்காகத் தொழிற்சாலைக்கு அனுப்புவது வீண் செலவு என்பது என் முடிவு.

ரெகுலேட்டரும் விசையும் அப்படியல்ல. இந்த விசை இரண்டு கட்டமாக இழுபடும்: முதலில் இலேசாக நகரும், பிறகு ஒரு தடையில் நிற்கும், அதைத் தாண்டினால் சுடும். விசைக்குள் ஒன்றையொன்று கௌவி நிற்கும் எஃகு விளிம்புகள் தேய்ந்து, இரண்டாம் கட்டத் தடை எங்கே தொடங்குகிறது என்றே விரலுக்குத் தெரியாமல் போயிருந்தது. போட்டி விதிப்படி விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். திருகை இறுக்கினால் எடையைத் தாங்குகிறது, விரலுக்கோ சேற்றில் கால் வைத்ததுபோல் இருக்கிறது. இதை அரத்தால் தேய்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று முன்வந்தவரிடமிருந்து பிஸ்டலைப் பத்திரமாக மீட்டு, தொழிற்சாலைக்கே அனுப்பத் தீர்மானித்தேன்.

அனுப்புவதுதான் பழுதை விடப் பெரிய வேலை. நம் மாவட்டத்தில் துவக்கு என்றாலே முகங்கள் மாறும். அனுமதிப்பத்திரத்தின் பிரதி எப்போதும் பெட்டியோடு இருக்கும். பாதுகாப்பு அமைச்சுக்குக் கடிதம், சுங்கத்துக்குப் பத்திரம், ஏற்க மறுக்கும் கூரியர், ஏற்றபின் மீண்டும் கேள்வி கேட்கும் கூரியர் என்று மாதங்கள் ஓடின. பக்கத்து வீட்டு மாமி, "மகன், இவ்வளவு கடுதாசிக்கு ஒரு புதியதே வாங்கியிருக்கலாமே" என்றார். புதியதற்கும் அதே கடுதாசிதான் மாமி.

அனுப்புகிறவர்கள் மூன்றைக் கவனியுங்கள். பழுதுபார்த்துத் திருப்பி அனுப்பப்படும் பொருள் என்று தொடர் இலக்கத்தோடு ஏற்றுமதிப் பத்திரத்தில் எழுதிவாங்குங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது புதிய இறக்குமதியாகப் பார்க்க இடமுண்டு. சிலிண்டரை முழுவதும் வெறுமையாக்கித் தனியே கழற்றி வையுங்கள், அழுத்தத்தோடு எதுவும் விமானமேறக் கூடாது. மரக் கைப்பிடியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்ளங்கைக்கென்று பூச்சு வைத்து அரவிய கைப்பிடி அங்கே யாருக்கும் பயன்படாது, வழியில் உடைந்தால் மறுபடி செய்வது பெரும்பாடு.

திரும்பி வந்த பெட்டியில் சோதனைச் சூட்டு அட்டை ஒன்றும், மாற்றிய பழைய பாகங்கள் ஒரு சிறு பையிலும் இருந்தன. நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பையைத்தான். ரெகுலேட்டருக்குள் அடுக்கி வைத்திருக்கும் கிண்ண வடிவ எஃகு வளையங்களின் விளிம்பெங்கும் செம்பழுப்புத் துரு. அலுமினிய உறையின் உட்புறம் வெண்பொடி பூத்திருந்தது. நீண்ட சூட்டுத் தேய்மானம் என்று நான் எண்ணியிருந்ததில் பாதி, நம் மழைக்காலக் காற்று செய்த வேலை. அதைத் தொழிற்சாலையால் தீர்க்க முடியாது.

ரெகுலேட்டர் இப்போது குறை சொல்ல இடமின்றி வேலை செய்கிறது. ஓய்வுக்குப் பின் சுட்ட முதல் குண்டும் மற்றவற்றோடே சேர்கிறது. விசையில் எனக்கு அவ்வளவு திருப்தியில்லை. எல்லாத் திருகுகளையும் தங்கள் வழக்கமான நிலைக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். என் விரலுக்குரிய நிலைக்குக் கொண்டுவர நாளெடுத்தது, முதல் கட்டம் இன்னும் எனக்குக் கொஞ்சம் நீளம். கணக்குப் பார்த்தால் பாகங்களின் விலையை விடப் போக்குவரத்தும் கட்டணங்களுமே கூடுதல். ரெகுலேட்டருக்காக மீண்டும் அனுப்புவேன். விசை மட்டும் என்றால் யோசிப்பேன். டெல்லியின் கர்ணி சிங் துப்பாக்கிச் சுடுதல் ரேஞ்ச் போன்ற இடங்களில் உலகக் கிண்ணப் போட்டி நடக்கும்போது தயாரிப்பாளர்களின் தொழில்நுட்பக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அணியோடு போகிறவர்களுக்கு அது இதைவிட எளிது.

காற்றுக்குச் செய்த மாற்றம் மிகச் சாதாரணமானது. பாவித்த 12 லீற்றர் சுழியோடித் தொட்டி ஒன்றை வாங்கி, அழுத்தப் பரிசோதனை செய்வித்து, கடல் மூடும் முன் 200 பாருக்கு நிரப்பி வைத்துக்கொள்கிறேன். பிஸ்டல் சிலிண்டர் மிகச் சிறியது. ஒருமுறை நிரப்பினால் தொட்டியில் ஒரு பாருக்கும் குறைவாகவே இறங்கும். தை கடந்து மாசி வந்தாலும் தொட்டியில் காற்று மிஞ்சியிருக்கிறது. கைப்பம்பை விற்றுவிட்டேன்.

இனிச் செலவு வைக்கப்போவது சிலிண்டர். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதற்கு 10 ஆண்டு ஆயுள் குறிக்கிறார்கள், தேதி மேலேயே பொறித்திருக்கும். காலாவதியாகாத சிலிண்டரோடு போட்டிக்கு வருவது வீரரின் பொறுப்பு என்கின்றன சர்வதேச விதிகள். பழைய பிஸ்டல் வாங்க நினைப்பவர்கள் விலை பேசும் முன் அந்தத் தேதியைப் படித்துவிடுங்கள். விற்பவர் அதைத் தானாகச் சொல்லமாட்டார்.