ஒரே வீடு, மூன்று சொந்தக்காரர்கள்: ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆடுகிறவர்கள் கவனத்துக்கு

ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டில் யாராவது உங்களிடம் வந்து, "என் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன், ரூபாயாகக் கொடுத்தால் போதும்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 2023-இல் நான் 6,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். காசு போனதைவிட, ஏமாந்த விதம்தான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ள முடியாது. ஒரு வார்டுக்கு, அதாவது ஒரு குடியிருப்புப் பகுதிக்கு, 60 மனைதான், வார்டுகளுக்கும் எண்ணிக்கை உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து காலி மனைகள் குலுக்கலில் போகின்றன. 5 நாள் பெயர் கொடுக்கலாம், அடுத்த 4 நாளில் முடிவு பார்க்கலாம். ஒரு கணக்குக்கு ஒரு சர்வரில் ஒரு சொந்த வீடுதான். நான் இருந்தது டான்பெரி. தென்கிழக்காசியக்காரர்கள் கூட்டமாகக் குடியேறிய சர்வர். கண்ணுக்குப் பிடித்த மனை எதற்குப் பெயர் கொடுத்தாலும் எனக்கு முன்னால் நூறு பேர் நிற்பார்கள். ஏழு குலுக்கலில் தோற்றேன். தோற்றால் கட்டிய கில், அதாவது விளையாட்டுக்குள் புழங்கும் காசு, முழுதாகத் திரும்பிவிடும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் மனசு விட்டுப்போகும்.

அந்த நேரத்தில்தான் டிஸ்கார்டு அரட்டைச் செயலியில் ஒருவர் என்னைப் பிடித்தார். நல்ல தமிழ், 'அண்ணா' போட்டுத்தான் பேசுவார். அவர் விற்றது லாவெண்டர் பெட்ஸ் என்ற குடியிருப்பில் மீடியம் வீடு, தோட்டத்தோடு. அந்த அளவு மனை 1.6 கோடி கில்லுக்குக் குறையாது. என்னிடம் அதில் கால்வாசிகூட இல்லை. யுபிஐயில் அனுப்பினேன். அவர் உள்ளே வந்து ஏதோ மெனுவைத் தட்டினார், என் திரையில் ஓர் அழைப்பு வந்தது. அதில் 'டெனன்ட்' (குடியிருப்பவர்) என்ற சொல் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தேன். முட்டாள்தனம் என்னுடையதுதான்.

வீட்டு முன்னால் பெயர்ப் பலகை இருக்கும், உரிமையாளர் பெயர் அதில் வரும். அதில் அவர் பெயரே இருந்தது. கேட்டேன். "மெயின்டெனன்ஸ் முடிந்ததும் மாறிடும் அண்ணா" என்றார். நம்பினேன். வில்லங்கச் சான்று பார்க்காமல் ஊரில் அரை சென்ட்கூட வாங்கமாட்டேன். இங்கே பலகையில் எழுதியிருந்ததையே பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கொசுறாக ஓர் உடை கொடுத்தார். பெரிய தொப்பி ஒன்று, தரையைத் தொடும் நீளக் கோட்டு ஒன்று. அவர் அனுப்பிய படத்தில் அமர்க்களமாக இருந்தது. என் பாத்திரம் வியேரா, முயல்காது வைத்த இனம். அப்போது பெரும்பாலான தொப்பிகள் அந்தத் தலையில் தெரியாது. போட்டிருப்பதாகப் பட்டியலில் காட்டும், தலையில் பார்த்தால் இரண்டு காதும் முடியும்தான். இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வேலை உண்டு. கோட்டு மருத்துவ வேலைகளுக்கானது, நான் ஆடுவது வாரியர் என்ற போர்வீரர் வேலை. அப்போதிருந்த விதிப்படி ஓர் உடை எந்த வேலைக்கு உரியதோ, அதன் தோற்றத்தையும் அந்த வேலைக்காரர்தான் பயன்படுத்தலாம். ஆக இரண்டுமே எனக்குப் பயனில்லை. இலவசம்தானே என்று விட்டுவிட்டேன். அப்போதே உறைத்திருக்க வேண்டும்: வாங்குபவனின் இனம் என்ன, வேலை என்ன என்றுகூடக் கேட்காமல் கையில் கிடைத்ததைத் தள்ளிவிடுகிற ஆள் அவர்.

அப்புறம் வீட்டை அலங்கரிக்க ஆரம்பித்தேன். மேல் மாடியிலும் நிலவறையிலும் ஏற்கனவே சாமான்கள் இருந்தன. "என் அன்பளிப்பு" என்றிருந்தார். நான் கீழ்த்தளத்தை எடுத்துக்கொண்டேன். மீடியம் வீட்டுக்குள் அப்போது 300 பொருள்தான் வைக்கலாம். நான் வைத்தது ஏறத்தாழ 90. மொத்த எண்ணிக்கை 212 காட்டியது. சரி, அன்பளிப்பு அவ்வளவு இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 231. நான் ஒரு ஸ்டூல்கூட வாங்கியிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு உள்ளே நுழைந்தேன். யாரோ ஒரு லாலாஃபெல், குள்ள இனத்துப் பாத்திரம், இடுப்பு உயரம்கூட இருக்காது, என் சோபாவை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டிருந்தது.

"நீங்கள் யார்? என் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அதே கேள்வியை அது என்னைக் கேட்டது.

அவர் மணிலாக்காரர். மேல் மாடி அவருடையது. நிலவறைக்காரர் ஒருவர் தனியாக இருந்தார், அவரையும் கூப்பிட்டோம். மூன்று பேருமே முழு வீட்டுக்கும் காசு கொடுத்திருந்தோம். இந்த விளையாட்டில் ஒரு வீட்டுக்காரர் மூன்று பேர் வரைக்கும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளலாம், அந்த 'டெனன்ட்' இதுதான். சாவி கிடைக்கும், உரிமையாளர் அனுமதித்தால் பொருள் வைக்கலாம். உரிமை மட்டும் மாறாது. தனிநபர் வீட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் வழியே விளையாட்டில் கிடையாது. எங்களுக்கு விற்றவர் மூன்று இடத்தையும் நிரப்பி, மூன்று தடவை விற்றிருக்கிறார். ஒரே மனைக்கு மூன்று பத்திரம் போட்ட மாதிரி.

மூவரும் சேர்ந்து அவருக்கு எழுதினோம். மறுநாள் காலை கதவு திறக்கவில்லை, என் பெயர் கூட்டாளிப் பட்டியலிலேயே இல்லை. சோபா, விளக்கு, சுவர்க் கடிகாரம் எல்லாம் உள்ளேயே போயிற்று. டிஸ்கார்டிலும் தடை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் வெறும் மனை, 'விற்பனைக்கு' பலகை. உரிமையாளர் 45 நாள் வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் வீடு தானாக இடிக்கப்படும். கூட்டாளிகள் தினமும் போனாலும் அது கணக்கில் வராது. தினமும் போக எங்களுக்குத்தான் வழியில்லையே.

விளையாட்டு நிறுவனத்திடம் போகலாம் என்றால், நிஜப் பணத்துக்கு வாங்குவதே விதிமீறல். புகார் கொடுத்தால் முதலில் என் கணக்கைத்தான் பார்ப்பார்கள். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் பதிவு செய்தேன், ஆனால் பணம் போன உடனே அழைக்க வேண்டிய எண் அது. நான் அழைத்தது இரண்டு மாதம் தள்ளி.

இப்போது ஓர் அபார்ட்மென்ட் அறையில் இருக்கிறேன். 5 லட்சம் கில், குலுக்கல் கிடையாது, 45 நாள் கெடுவும் கிடையாது. சின்ன இடம்தான், சோபா போட்டால் நடக்க இடமில்லை. மணிலாக்காரர் அவ்வப்போது வருவார். போன வாரம் அவர் ஒரு விளம்பரத்தை எனக்கு அனுப்பினார். வேறு பெயர், வேறு சர்வர், ஷிரோகானேயில் மீடியம் வீடு, தோட்டத்தோடு, உடை ஒன்று இலவசம். படத்தில் வாசல், வேலி, பூச்செடி எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. பெயர்ப் பலகை இருக்க வேண்டிய ஓரம் மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது.