கணக்குப் பிரிவில் ஒரு விசிறி: எங்கள் 24 போர்ட் சுவிட்ச் பற்றி

பெருமாநல்லூர் பக்கம் புதுக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்கும் நண்பன் கேட்டான்: "மாப்ள, உங்க கம்பெனில மாட்டியிருக்கற நெட்வொர்க் சுவிட்ச் எப்படிடா? என் கொட்டேஷன்லயும் அதையேதான் போட்டிருக்காங்க." போனில் "நல்ல சுவிட்ச், வாங்காதே" என்றேன். குழம்பிவிட்டான். அதனால்தான் இந்த நீளப் பதில்.

கம்ப்யூட்டர், கேமரா ஒயர்களையெல்லாம் ஓரிடத்தில் இணைக்கும் பெட்டி இது. 24 போர்ட் (ஒயர் சொருகும் துளை), எல்லாமே கிகாபிட் வேகம், எல்லாவற்றிலும் பிஓஇ (அதே ஒயர் வழியாகக் கரண்டும் தருவது), மேனேஜ்டு வகை (நாமே உள்ளே போய் செட்டிங் மாற்றலாம்). மற்ற விவரங்கள் டப்பாவிலேயே இருக்கும். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் டேலி (கணக்கு சாஃப்ட்வேர்), பார்கோடு பிரிண்டர், கேமரா, வைஃபை எல்லாம் இதன் தலையில்தான் ஓடுகின்றன. வாங்கியதிலிருந்து சுவிட்ச் தானாக ஹேங் ஆகி நின்றதே இல்லை. வாரண்டி முடிந்த பிறகும் அப்படித்தான்.

பேக்கிங் பிரிவில் ஒரு பையன் மேஜைக்கு அடியில் சும்மா தொங்கிய ஒயரைப் பார்த்து, பாவம் என்று அதையும் சுவர் சாக்கெட்டில் சொருகிவிட்டான். ஒரு குட்டி சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர் இரண்டு சாக்கெட்டுக்கு. பழைய சாதா சுவிட்ச் காலத்தில் இப்படி நடந்தால் அலுவலகமே ஸ்தம்பிக்கும். டேட்டா பாக்கெட்டுகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கும், டேலி திறக்காது, பில் போட முடியாது, ஆளாளுக்கு என்னைத்தான் தேடுவார்கள். இது ஒரு பாதையை மட்டும் அடைத்துவிட்டு மிச்சத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சின் லாக், அதாவது பதிவுக் குறிப்பு, பார்க்கப் போனபோதுதான் எனக்கே தெரியும். ஸ்பானிங் ட்ரீ என்ற இந்த ஏற்பாட்டை ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-ல் யோசித்தார். அவருக்கு ஒரு கும்பிடு.

விலேன் பிரித்ததும், அதாவது ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரித்ததும், பலன் தந்தது. சரக்கு வாங்கும் பையரின் க்யூசி (தரம் பார்க்கும்) ஆட்கள் வந்த உடனே கேட்பது தண்ணீர் அல்ல, வைஃபை பாஸ்வேர்டு. தயங்காமல் கொடுக்கிறோம். அவர்கள் லேப்டாப்புக்கு இன்டர்நெட் மட்டும்தான் தெரியும். டேலி இருக்கும் பக்கமே தெரியாது.

இனி விசிறி.

இதன் பின்பக்கம் இரண்டு குட்டி விசிறிகள், 40 மில்லிமீட்டர். சின்ன விசிறி நிறையக் காற்றைத் தள்ள வேண்டும் என்றால் வெறிபிடித்த மாதிரி சுற்றித்தான் ஆகவேண்டும். காலையில் முனகல். மத்தியானம் ஏசியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்களா, திரும்பி வருவதற்குள் அது ஊளையிட ஆரம்பித்திருக்கும். கணக்குப் பார்க்கும் அக்கா ஆடிட்டரிடம் போனில் பேசும்போது, "என்னம்மா, நிட்டிங்ல நிக்கறீங்களா?" என்று அவர் கேட்கிறார். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வாரத்தில் அந்த அறைக்குள் என்னால் நிமிர்ந்து போக முடியாது. நடுவில் ஒரு விசிறி பேரிங் தேய்ந்து கரகரத்தது. சரிசெய்யக் கொடுத்த இடத்தில் "ஒரிஜினல் கிடைக்காதுங்க, இதும் ஓடும்" என்று வேறொன்றை மாட்டித் தந்தார்கள். ஓடுகிறது. முன்னைவிட ஒரு சுதி மேலே ஓடுகிறது.

கணக்குப் பிரிவில் இந்த சுவிட்சை மாட்டியிருக்கும் ரேக்கை வேறு அறைக்கு மாற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே மாற்றுவது? செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். இரண்டு முனையிலும் வரும் பேட்ச் கார்டு என்ற குட்டி ஒயர்களுக்குப் பத்து விட்டால், சுவருக்குள் போவதற்கு 90தான். அதுவும் நேர்கோட்டில் அளப்பதல்ல. ட்ரேயில் ஏறி, வளைந்து, இறங்குவதெல்லாம் சேர்த்து. வாசல் பக்கம் ரேக்கை வைத்தால் பேக்கிங் எட்டாது, பேக்கிங்கில் வைத்தால் வாசல் எட்டாது. நடுவில் இருப்பது கணக்குப் பிரிவு. கட்டட வரைபடத்தில் சாமி படத்துக்கு மாடம் இருந்தது, ரேக்குக்கு ஒரு சதுர அடி இல்லை.

இன்னொரு கணக்கு. பிஓஇக்காக ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் என்று 24 போர்ட்டுக்கும் பெருக்கினால் ஏறக்குறைய 370 வாட். அவ்வளவையும் தரக்கூடிய பவர் சப்ளை உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அதைக் குளிர வைக்கத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். எங்கள் கேமராக்களும் வைஃபை பெட்டிகளும் சேர்ந்து அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. டேலி கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் ஒயர் வழியாகக் கரண்டே வேண்டாம். கொட்டேஷன் போட்டவர் "பின்னாடி உதவுமுங்க" என்றார். உதவவில்லை.

ஆகவே மாப்ள, உனக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை என்பதால் சொல்கிறேன். கம்ப்யூட்டர்களுக்கு விசிறியும் பிஓஇயும் இல்லாத 24 போர்ட் கிகாபிட் மேனேஜ்டு சுவிட்ச் ஒன்று. கேமராக்களுக்குத் தனியாக ஒரு சின்ன பிஓஇ சுவிட்ச். அதைப் பேக்கிங் பக்கம் தள்ளிவிடு, அங்கே சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஃபைபர் இழு. பின்னால் இருக்கும் தனிக் கட்டடத்துக்கும் ஃபைபரேதான். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, எங்கேயாவது இடி விழுந்தால் அந்த வழியாக உன் சுவிட்சுக்கு எதுவும் வராது. கேபிள் பெட்டி வந்து இறங்கியதும் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். திருப்பி அனுப்பு, "எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்பதைக் காதில் வாங்காதே. அயர்னிங் பாய்லருக்குப் போகும் த்ரீ பேஸ் ஒயரோடு ஒரே ட்ரேயில் கட்ட விடாதே. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் நம்பர் எழுதச் சொல். எழுதிய பிறகுதான் மிச்சப் பணம்.

சுவிட்சுக்கு மார்க் போடு என்றால் பத்துக்கு ஒன்பது போடுவேன், நியாயம் அதுதான். ஆனால் நேற்று மத்தியானமும் அது ஊளையிட்டது, அக்காவும் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாங்காதே. கணக்குப் பிரிவுக்குப் பக்கத்தில் வைப்பதாக இருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதே.