மவுஸ் நின்று நின்று ஓடுகிறதா? சர்வீஸுக்குக் காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. நேற்று ராத்திரி கண்ணை மூடவே முடியவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதமாக என் லேப்டாப்பில் ஒரு தொல்லை. வயர்லெஸ் மவுஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று திரையில் அம்பு அப்படியே நிற்கும். இரண்டு விநாடி கழித்துத் துள்ளி வேறு மூலைக்குப் போய்விடும். அதே நேரத்தில் வைஃபையும் இழுக்கும். வீடியோ மீட்டிங்கில் என் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்பார்கள். பேட்டரி மாற்றினேன். மவுஸையே புதிதாக வாங்கினேன். சில நாள் ஒரு தொந்தரவும் இருக்காது. சில நாள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. முழுசாகச் செத்துப்போன பொருளை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், வந்து வந்து போகிற கோளாறை எப்படிக் காட்டுவது?

கடைசியில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். எல்லா கம்பெனி லேப்டாப்பும் பார்ப்போம் என்று போர்டு வைத்த கடை. பெயர் வேண்டாம்.

கவுன்டரில் இருந்த பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க அக்கா, பொறுமையா சொல்லுங்க" என்றான். நான் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதினான். "அம்பு துள்ளுகிறது" என்று என் வார்த்தையிலேயே எழுதினான். இரண்டு மாதமாக வீட்டிலும் ஆபீஸிலும் "உனக்குத்தான் மவுஸ் பிடிக்கத் தெரியவில்லை" என்று கேட்டு அலுத்துப்போயிருந்த எனக்கு, ஒருத்தன் காது கொடுத்துக் கேட்டதே பெரிதாக இருந்தது. என் லேப்டாப் திரையில் இருந்த தூசியைத் துணியால் துடைத்தான். அப்புறம் ஈவென்ட் வியூவர் என்ற ஒன்றைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினான். வரிசையாகச் சிவப்புக் குறிகள். "பாத்தீங்களா அக்கா, எத்தனை எரர். வைஃபை கார்டு போச்சு, மதர்போர்டும் போயிட்டு இருக்கு. இன்னும் ஒரு மாசம் விட்டா உள்ள இருக்கிற டேட்டாவும் போயிடும்."

வயிற்றைக் கலக்கிவிட்டது. "நீயே பாத்துச் செய் தம்பி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த தப்பு.

இப்போது தெரிகிறது. ஈவென்ட் வியூவரில் சிவப்புக் குறி இல்லாத விண்டோஸ் கம்ப்யூட்டரைப் பார்ப்பதே அபூர்வம். ஏதோ ஒரு புரோகிராம் சரியாக மூடவில்லை, ஏதோ ஒன்று தாமதமாகக் கிளம்பியது என்று எல்லாமே அதில் பதிவாகும். போனில் கூப்பிட்டு ஏமாற்றும் கும்பல்கள் ஆட்களைப் பயமுறுத்துவதும் இதே திரையைக் காட்டித்தான்.

அங்கே உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் மவுஸ் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நானே சொன்னேன், "இங்கே நன்றாகத்தானே ஓடுகிறது தம்பி?" "ஹீட் ஆனாதான் அக்கா வரும்" என்றான். வீட்டில் இதோடு வேறென்ன செருகி வைத்திருக்கிறீர்கள் என்று அவன் கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். பில்லில் மூன்று வரி: வைஃபை கார்டு மாற்றியது, மதர்போர்டு பழுது நீக்கியது, விண்டோஸ் மறுபடி போட்டது. கூட்டினால் அரை மாதச் சம்பளம். கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலமே அம்பு நின்றது.

போன் செய்தேன். "புது கார்டு செட் ஆகணும், ஒரு வாரம் பாருங்க." ஒரு வாரம் பார்த்தேன். "உங்க வீட்டு ரூட்டர்லதான் பிரச்சினை." அப்படியென்றால் எதற்குக் கார்டை மாற்றினீர்கள்? பதில் இல்லை. நேரில் போனேன். அதே பையன், அதே கவுன்டர். இந்தத் தடவை நான் "அக்கா" இல்லை, "மேடம்". "மேடம், மவுஸ் எல்லாம் எங்க வாரண்டியில வராது." சரி, கழற்றிய பழைய கார்டையாவது கொடு என்றேன். பழைய பார்ட் திருப்பித் தருவதில்லையாம். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். லீவாம். அதற்குப் பிறகு நான் அனுப்பிய ஆறு மெசேஜையும் படித்திருக்கிறார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை.

நேற்று ராத்திரி ஆபீஸ் ஃபைல்களை வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். மவுஸ் நகரவே மாட்டேன் என்றது. காப்பி முடிந்து டிஸ்க்கைப் பிடுங்கினேன், அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி செருகி ஒரு பெரிய ஃபைலை ஏற்றினேன், நின்றது. ஐந்து தடவை செய்து பார்த்தேன், ஐந்து தடவையும் அப்படியே. அந்த 'சில நாள்' எல்லாமே நான் டிஸ்க்கைச் செருகியிருந்த நாள்கள்! டிஸ்க் கடைக்கு வரவில்லை, அதனால்தான் அங்கே கோளாறும் வரவில்லை.

ஹார்டுவேர் தெரிந்த அண்ணன் ஒருவரை அந்த நேரத்திலேயே எழுப்பிக் கேட்டேன். யுஎஸ்பி 3 வழியாக விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் டேட்டா ஓடும்போது, போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் ரேடியோ இரைச்சல் கசியுமாம். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில் போய் விழும். வயர்லெஸ் மவுஸ், புளூடூத், 2.4-இல் ஓடும் வைஃபை எல்லாம் பேசுவது அதே இடத்தில். என் மவுஸின் சிக்னலை வாங்க லேப்டாப்பில் செருகும் குட்டி டாங்கிள், டிஸ்க் செருகும் போர்ட்டுக்கு விரல் அகல தூரத்தில் இருந்தது. இது ரகசியமே இல்லை. இன்டெல் கம்பெனி 2012-லேயே அளந்து பார்த்து வெளியிட்ட விஷயம். லேப்டாப் பழுது பார்க்கிறவர்களுக்கு இது தெரியாதா?

தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் மேக் அட்ரஸ் என்று எண்ணும் எழுத்தும் கலந்த பன்னிரண்டு இலக்க அடையாளம் உண்டு, தொழிற்சாலையிலேயே பதிந்து வருவது. கார்டு மாறினால் அதுவும் மாறும். என் வீட்டு ரூட்டரில், அந்த அடையாளத்தை நான் கையால் சேர்த்தால்தான் எந்தக் கருவியும் உள்ளே வரும். கடையிலிருந்து வந்த லேப்டாப் பாஸ்வேர்டு போட்டதும் நேராக உள்ளே போய்விட்டது, நான் எதையும் சேர்க்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு இது உறைத்தது. எழுந்து ரூட்டர் பட்டியலையும் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். அதே பழைய பன்னிரண்டு. கார்டை அவர்கள் தொடவே இல்லை. மதர்போர்டை என்ன செய்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டிராயரில் கிடந்த ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைச் செருகி மவுஸ் பக்கத்தில் வைத்தேன். வைஃபையை அந்த இரைச்சல் விழாத 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். காலையிலிருந்து டிஸ்க் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அம்பு ஒரு தடவை நிற்கவில்லை. இதற்கா அரை மாதச் சம்பளம்?

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது நேரமில்லை. மவுஸும் வைஃபையும் சேர்ந்து தகராறு செய்தால் முதலில் டிஸ்க், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப், டாக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். விண்டோஸில் உள்ள டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டுக்கும் யுஎஸ்பி ஹப்புக்கும் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த அணைத்துக்கொள்ளும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டச்பேட் மேலே உப்பியிருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள், பேட்டரி வீங்கியிருக்கலாம், சார்ஜ் போடாமல் உடனே காட்டுங்கள். கடையில் கொடுக்கும் முன் மேக் அட்ரஸைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பார்ட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பில், ரூட்டர் பட்டியலின் படம், டிஸ்க், மவுஸ் எல்லாம் பையில் வைத்துவிட்டேன். கடை திறக்கிற நேரம், கிளம்புகிறேன்.