600 சொல்லுக்குள் ஒரு எதிர்காலம்: இணைய இதழ்களுக்குக் கதை அனுப்பிய ஏழு ஆண்டு அனுபவம்

2018 ஜூனில் முதல் கதையை அனுப்பினேன். அன்றிலிருந்து 38 கதைகள், எல்லாமே 1000 சொல்லுக்கு உட்பட்டவை. ஒரு கதை ஓரிடத்திலிருந்து திரும்பி வந்தால் அடுத்த இடத்துக்குப் போகும் என்பதால், அனுப்பிய தடவைகள் 160ஐத் தாண்டிவிட்டன. வெளியானவை 9. ஆங்கிலத்தில் வரும் அறிவியல் புனைகதை இணைய இதழ்களுக்கு மிகச் சிறிய கதைகளை அனுப்பிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவன். சென்ட்ரிஃபியூஜ் சுற்றும் பத்து நிமிடம், அனலைசர் ஓடும் கால் மணி நேரம், இவைதான் எனக்கு எழுதக் கிடைக்கும் நேரம். நாவல் எழுத அது போதாது. 600 சொல் கதைக்குப் போதும்.

எங்கே அனுப்பலாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நான் முதலில் அனுப்பியது 365 டுமாரோஸ் என்ற இதழுக்கு. 2005 முதல் வருகிறது, நாளுக்கு ஒரு கதை, உச்சவரம்பு 600 சொல். பணம் கிடையாது. ஆனால் தினமும் ஒரு கதை வேண்டியிருப்பதால் புதியவர்களுக்கு வாசல் கொஞ்சம் அகலம். இரண்டு மாதம் தொடர்ந்து அந்தக் கதைகளைப் படித்ததே எனக்கு ஒரு பயிற்சியாக இருந்தது. ஃபிளாஷ் ஃபிக்‌ஷன் ஆன்லைன் 500 முதல் 1000 சொல் வரை கேட்கும், அறிவியல் கதை மட்டும்தான் என்றில்லை. அப்புறம் நேச்சர் அறிவியல் இதழின் ஃபியூச்சர்ஸ் பகுதி. 850 முதல் 950 சொல், அறிவியல் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். 1999 நவம்பரில் அந்தப் பகுதி தொடங்கியபோது முதல் கதை புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குடையது. கொழும்பில் வாழ்ந்துகொண்டிருந்தவர் அவர். ஆய்வுக் கட்டுரைகள் வரும் இதழில் நம் பக்கத்துத் தீவில் இருந்த ஒருவர்தான் கதைக்கு வாசல் திறந்தார் என்று தெரிந்த நாளில் எனக்கு ஏனோ தைரியம் வந்தது. அங்கே இதுவரை நான்கு முறை அனுப்பியிருக்கிறேன். நான்கும் திரும்பி வந்தன. ஐந்தாவது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதழ்களைத் தேட நான் பயன்படுத்துவது சப்மிஷன் கிரைண்டர் என்ற இணையதளம். இலவசம். டியோட்ரோப் என்ற பழைய தளம் 2013இல் கட்டணத்துக்கு மாறியபோது, அதே ஆண்டில் மாற்றாக வந்தது இது. எத்தனை சொல், என்ன வகை, எவ்வளவு பணம் என்று கொடுத்துத் தேடலாம். எழுதுபவர்கள் தாங்கள் அனுப்பிய தேதியையும் பதில் வந்த தேதியையும் பதிவதால், ஓர் இதழ் சராசரியாக எத்தனை நாளில் பதில் சொல்கிறது என்றும் தெரிந்துவிடும். எனக்கு இது பெரிய நிம்மதி. பத்து நாளில் பதில் தரும் இடம் இருபது நாள் மௌனமாக இருந்தால் கதை அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கக்கூடும். நூறு நாள் எடுக்கும் இடத்தில் இருபது நாள் மௌனத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகளில் நான் எழுதிய கதைகள் எல்லாவற்றிலும் கடைசி வரியில் ஒரு திருப்பம் இருக்கும். பேசிக்கொண்டிருந்தவன் மனிதன் இல்லை, எந்திரம். அவர்கள் இருந்த கிரகம் வேறெதுவும் இல்லை, பூமிதான். சின்னக் கதை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்பியிருந்தேன். அத்தனையும் திரும்பி வந்தன. பெரும்பாலும் எல்லோருக்கும் அனுப்பும் அதே இரண்டு வரிப் பதில். ஒரே ஒரு ஆசிரியர் மட்டும் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: முடிவை இரண்டாம் பத்தியிலேயே ஊகித்துவிட்டோம் என்று.

அதைப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். என் கதைகளை முதலில் படிப்பவர் அவர்தான். அவர் கதையை மறுபடி படித்துவிட்டு, “தம்பி, நீ 600 சொல்லுல 400 சொல்லை ஒளிச்சு வைக்கிறதுக்கே செலவு பண்ணிட்ட. மிச்சம் 200ல அந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியலையேப்பா” என்றார்.

அந்தக் கதை இதுதான். தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகும் ஒரு விண்கலம். அதன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண். சாம்பிள் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று தேடக் கூடாது என்பது சட்டம். 4417 என்ற எண்ணின் ஹீமோகுளோபின் வாராவாரம் இறங்கிக்கொண்டே போகிறது. கடைசி வரியில் 4417 அவள் மகள் என்று தெரியவரும். ஏழு இடங்கள் மறுத்த கதை.

அண்ணன் சொன்ன பிறகு அந்தக் கடைசி வரியைத் தூக்கி முதல் வரியாக வைத்தேன். 4417 தன் மகள் என்பது அவளுக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும். அதற்கப்புறம் எழுத வேறு விஷயம் கிடைத்தது. தெரிந்ததைச் சொன்னால் வேலை போகும், கூடத்துக்குள் நுழையவே முடியாது, எண்ணைப் பார்க்கவும் முடியாது. அதனால் அவள் தினமும் இரவுச் சாப்பாட்டில் மகளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் போலத் தன் தட்டில் இருக்கும் கீரையை அவள் தட்டுக்குத் தள்ளிவிடுகிறாள். கதை அங்கேயே முடிகிறது. 580 சொல். எட்டாவதாக அனுப்பிய இடம் 12 நாளில் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு பழைய கதைகள் ஒவ்வொன்றையும் எடுத்து, ஒளித்து வைத்ததை முதல் பத்திக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பாதிக் கதைகளில் ஒளித்து வைத்ததைத் தவிர வேறெதுவுமே இல்லை. அவற்றை விட்டுவிட்டேன். மீதியில் உயிர் இருந்தது. வெளியான ஒன்பதில் ஏழு இப்படி மாற்றி எழுதியவைதான். எல்லா இதழுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அனுப்பி வைத்த கதைகளை முதலில் படிப்பவர்கள் ஒரே உட்காரலில் பல கதைகளைப் படிக்கிறார்கள். ஒளிந்துகொண்டிருக்கும் எந்திரத்தை அவர்கள் எவ்வளவோ முறை சந்தித்திருப்பார்கள். சட்டத்துக்குப் பயந்து கீரையைத் தள்ளிவிடும் அம்மாவை அவ்வளவு அடிக்கடி சந்தித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சொல் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். நான் முதலில் தமிழில்தான் எழுதுவேன். “போய்க்கொண்டிருந்தவளிடமிருந்து” என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் ஆகும். தமிழில் 500 சொல்லில் அடக்கமாக இருந்த கதை ஆங்கிலத்துக்குப் போனதும் 800ஐத் தாண்டி நிற்கும். ஆரம்பத்தில் வெட்டி வெட்டிச் சோர்ந்து போவேன். இப்போது 600 சொல் இதழுக்கு என்றால் தமிழில் 350இல் நிறுத்திவிடுகிறேன்.

கதையை அனுப்பும் வேலை பற்றிச் சுருக்கமாக. கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வில்லியம் ஷன் என்ற எழுத்தாளர் வகுத்த வடிவத்தையே பல இதழ்கள் கேட்கும்: 12 புள்ளி அளவு எழுத்து, வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி, இடது மேல் மூலையில் பெயர் முகவரி, வலது மேல் மூலையில் சொல் எண்ணிக்கை. சில இதழ்கள் பெயரே இருக்கக் கூடாது என்று சொல்லும். விதிப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் படியுங்கள், போன முறை படித்தது போதாது. ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பலாமா என்பதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். கூடாது என்று சொல்லும் இடங்கள் நிறைய. கூட அனுப்பும் கடிதம் மூன்று வரி போதும், அதில் கதையை விளக்காதீர்கள். சில இதழ்கள் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் திறந்து, அமெரிக்கக் கிழக்குப் பகுதி நள்ளிரவில் மூடும். நமக்கு அது கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30. ஷிப்ட் முடிந்து வீடு வந்து நிதானமாக ஒருமுறை படித்துவிட்டு அனுப்ப எனக்கு அது வசதியாகவே இருக்கிறது.

பணம்: அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் 2019இல் தொழில்முறை ஊதியத்துக்குக் குறைந்தபட்சம் என்று வகுத்தது சொல்லுக்கு 8 சென்ட். 600 சொல்லுக்கு 48 டாலர். இதைக் கொடுக்கும் இடங்கள் குறைவு. எனக்கு இரண்டு முறை கிடைத்தது. பேபால் வழியாக வரும், கட்டணம் பிடித்த பிறகு ரூபாயாக மாறி வங்கிக் கணக்கில் சேரும், பான் எண் வேண்டும். முதல் பணத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தேன்.

மனம் நொந்த சம்பவங்கள் இரண்டு. ஓர் இதழ் என் கதையை ஏற்று, ஒப்பந்தமும் அனுப்பிவிட்டு, வெளியிடாமலே மூடிவிட்டது. இன்னொன்று ஓர் ஆண்டுக்கு மேல் கதையை வைத்திருந்தது. இரண்டு முறை கேட்டு எழுதியும் பதில் இல்லை. மூன்றாவதாக, கதையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டு வேறிடம் அனுப்பினேன். அந்த ஓராண்டு அந்தக் கதை எங்குமே போக முடியாமல் கிடந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஒப்பந்தம் வந்தால், இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழ், செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் குவிந்ததால் கொஞ்ச காலம் கதவை மூட வேண்டி வந்தது. மிகச் சிறிய கதைகளை அது வாங்குவதில்லை என்றாலும் அதன் தாக்கம் எல்லா இடத்திலும் தெரிந்தது. இப்போது பல இதழ்கள் இதை நான்தான் எழுதினேன், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தவில்லை என்று உறுதிமொழி கேட்கின்றன. நான் மனமார டிக் செய்கிறேன். ஆங்கிலம் தாய்மொழி இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு, இலக்கணம் பார்க்கும் கருவிகளை எதுவரை பயன்படுத்தலாம் என்பது இதழுக்கு இதழ் மாறுகிறது. அதனால் நான் எந்தக் கருவியும் வைத்துக்கொள்வதில்லை. பிழை பார்க்க அண்ணன் இருக்கிறார்.

கடைசியாக உரிமை. நான் கையெழுத்துப் போட்டவற்றில் பெரும்பாலானவை கேட்டது ஆங்கிலத்தில் முதலில் வெளியிடும் உரிமையை மட்டும். தமிழ் வடிவம் என்னிடமே இருக்கும். ஆனால் தமிழில் முன்பே வெளியான கதையைச் சில ஆசிரியர்கள் மறுபதிப்பாகக் கருதக்கூடும் என்பதால், ஆங்கிலத்தில் வந்து, வேறெங்கும் வெளியிடக் கூடாது என்று அவர்கள் கேட்ட காலம் முடிந்த பிறகுதான் தமிழை வெளியே எடுக்கிறேன். அந்தக் கீரைக் கதையின் ஆறு மாதம் சென்ற தை மாதம் முடிந்தது. பெரிய எழுத்தில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு முருங்கைக்கீரை கிடைக்குமா, கப்பலில் மரம் வளருமா என்று கேட்டார்கள். வளரும் என்றேன்.