அடினோமயோசிஸுக்கு டைனோஜெஸ்ட் 2 மி.கி.: முதல் ஆறு மாதமும் அதற்குப் பிறகும்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பல்க்கி யூட்டரஸ்’ என்று இருக்கும். வீட்டில் அது ‘கர்ப்பப்பை வீங்கியிருக்காம்’ என்று ஆகிவிடும். அந்த வீக்கத்துக்குப் பல நேரம் அடினோமயோசிஸ்தான் காரணம். கருப்பையின் உட்படலத்தில் இருக்க வேண்டிய திசு தசைச்சுவருக்குள் புகுந்து, அங்கேயே மாதாமாதம் ஹார்மோனுக்கு ஏற்றபடி தடித்துக் கசியும். வலி, கட்டி கட்டியாக ரத்தப்போக்கு, அதனால் ரத்தசோகை என்று வரிசையாக வருவது இதனால்தான். இதற்கு நீண்ட நாள் எழுதித் தரப்படும் மாத்திரைகளில் முக்கியமானது டைனோஜெஸ்ட்.

இதை வாங்குவதற்கு முன்பே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டைனோஜெஸ்ட் வலிக்கு நல்ல மருந்து. ரத்தப்போக்குதான் முதல் தொல்லை என்றால் முதலில் யோசிக்க வேண்டியது இதுவல்ல, கருப்பைக்குள் வைக்கும், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சிறிது சிறிதாக விடும் சாதனம். இந்த வேறுபாட்டை யாரும் சொல்லாததால்தான் பலர் மூன்றாவது அட்டையோடு மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள்.

அளவு தினமும் 2 மி.கி. ஜப்பானில் காலை 1 மி.கி., இரவு 1 மி.கி. என்று பிரித்துத் தருவார்கள். 2016-இல் அடினோமயோசிஸ் வலிக்கென்றே அங்கே அனுமதி கிடைத்தது. ஐரோப்பாவில் விசான் என்ற பெயரில் வந்த மாத்திரையின் குறிப்பேடு எண்டோமெட்ரியோசிஸை, அதாவது அதே மாதிரித் திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயை, மட்டுமே சொல்கிறது. அங்கே அடினோமயோசிஸுக்கு எழுதுவது மருத்துவரின் முடிவு.

கர்ப்பம் இல்லை என்று உறுதியான பின், பெரும்பாலும் பீரியட்ஸின் முதல் சில நாட்களுக்குள் தொடங்கச் சொல்வார்கள். கருத்தடை மாத்திரைபோல 21 நாள் போட்டு 7 நாள் விடுவது இதில் கிடையாது. அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. ஓர் அட்டையில் எத்தனை மாத்திரை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், மாதக் கணக்கில் வாங்காமல் எண்ணி வாங்குவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மெடிக்கல் பூட்டியிருக்கும்போது அட்டை தீர்ந்து, இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் ரத்தம் வந்தால் பழி மாத்திரை மேல்தான் விழும்.

உணவுக்கு முன்னா பின்னா என்பது முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம். மருந்தில் பாதி சுமார் பத்து மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். ஒரு வேளை தவறினால் ரத்தத்தில் அளவு சரிந்து ஸ்பாட்டிங் (இடையிடையே வரும் லேசான ரத்தக்கசிவு) தொடங்க அதுவே போதும். குமட்டல் இருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்துப்போகும். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் ஒன்று, அடுத்தது வழக்கமான நேரத்தில். போட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலோ கடுமையான வயிற்றுப்போக்கு இருந்தாலோ இன்னொன்று போட வேண்டும்.

இனி, எல்லோரையும் அலைக்கழிக்கும் ஸ்பாட்டிங். எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து ஐரோப்பியக் குறிப்பேடு தரும் கணக்கு இது: முதல் 90 நாளில் நீண்ட நாள் ரத்தப்போக்கு இருந்தவர்கள் சுமார் 38 சதவீதம், நான்காவது 90 நாளில் அது 4 சதவீதம். ரத்தமே வராமல் நின்றவர்கள் தொடக்கத்தில் 2 சதவீதம்கூட இல்லை. ஒரு வருட முடிவில் 28 சதவீதம். அதாவது முதல் மூன்று மாதத்தை வைத்து இந்த மருந்தை எடைபோடவே முடியாது. ஆனால் கருப்பை பெரிதாக வீங்கியிருக்கும் அடினோமயோசிஸில் தொடக்க ரத்தப்போக்கு இந்தக் கணக்கைவிட மோசமாக இருக்கலாம். உட்படலம் மெலிந்து அங்கங்கே உதிரும். தசைக்குள் இருக்கும் திசுவும் கசியும். பெருத்த கருப்பைக்கு அதைச் சுருங்கி அடைக்கும் வலு குறைவு. ஜப்பானியக் குறிப்பேடு, கருப்பை மிகவும் பெருத்தவர்களுக்கும் கடுமையான ரத்தசோகை உள்ளவர்களுக்கும் இந்த மருந்தே கூடாது என்கிறது. ஹீமோகுளோபின் பார்க்காமல் முதல் அட்டையை உடைக்கக் கூடாது என்பது இதனால்தான். கூடவே ஃபெரிட்டினும் பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருப்பது சகஜம்.

பழுப்பாக, திட்டுத் திட்டாக, ஒரு நாப்கின்கூட நனையாத கசிவு என்றால் பொறுத்திருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, படி ஏறும்போது நெஞ்சு படபடத்தாலோ அது ‘போகப் போகச் சரியாகும்’ ரகம் அல்ல, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடையில் ரத்தம் கூடினால் மருத்துவர்கள் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட்டைச் சில நாட்களுக்கு மட்டும் சேர்ப்பார்கள். கல்யாணம், கோயில் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட வீட்டில் வைத்திருக்கும் நார்எதிஸ்டிரோன் மாத்திரையை நாமாக இதோடு சேர்ப்பது வேண்டாம். டைனோஜெஸ்ட்போல அதுவும் புரோஜெஸ்டின்தான் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்போல வேலை செய்யும் மருந்து), அதில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும்.

இரும்பு மாத்திரைக்கும் காபிக்கும் ஆகாது. நம் வீடுகளில் காலையில் முதலில் உள்ளே போவது காபி என்பதால், இரும்பு மாத்திரைக்கு நடுப்பகலைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டாலும் உடல் நன்றாகவே ஏற்றுக்கொள்ளும், வயிறும் அவ்வளவு அடம்பிடிக்காது.

வலி குறைகிறதா என்று தெரிய ஒரு நோட்டு போதும்: மாத்திரை போட்ட நேரம், 0 முதல் 10 வரை வலி, நாப்கின் எண்ணிக்கை, வலி மாத்திரையான மெஃபனாமிக் ஆசிட் போட்டிருந்தால் எத்தனை. மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மருத்துவர் கேட்பது இதைத்தான். ஸ்கேனில் கருப்பை கொஞ்சம்தான் சுருங்கியிருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. வலி மாத்திரையின் எண்ணிக்கை இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. ஸ்கேன் அளவைப் பார்த்து மனம் சோர்வது வீண். சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு அடினோமயோசிஸிலேயே கூடியிருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்ததும் புற்றுநோய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

தலைவலி, மார்பில் கனம், முகப்பரு, மனச்சோர்வு ஆகியவை அதிகம் சொல்லப்படும் பக்கவிளைவுகள். முதல் மூன்றும் பெரும்பாலும் சில மாதங்களில் தணியும். நான்காவதைத்தான் வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரம் தாண்டினால் ‘சிடுசிடுப்பு’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முன்பே டிப்ரஷனுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் டைனோஜெஸ்ட்டைத் தொடங்கும் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டிய மருந்து மோதல் ரிஃபாம்பிசின். காசநோய்க்கு ஆறு மாதம் எடுக்கும் அந்த மருந்து, கல்லீரலை வேகமாக வேலை செய்யவைத்து டைனோஜெஸ்ட்டைக் கரைத்துத் தள்ளிவிடும். ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் போன்ற வலிப்பு மருந்துகளும் அப்படித்தான். அவற்றை நிறுத்திய பிறகும் இந்த விளைவு சில வாரம் நீடிக்கும். நன்றாக இருந்த வலி திடீரென்று திரும்பினால், புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டைனோஜெஸ்ட் பெரும்பாலானவர்களுக்குக் கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும்; ஆனாலும் கருத்தடையாக அதை நம்பக் கூடாது. ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத வழி வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் நிறுத்த வேண்டும். சுழற்சி பொதுவாக இரண்டு மாதத்துக்குள் திரும்பும். அப்போது வலியும் திரும்பும். இந்த மாத்திரை நோயை அடக்கும், வேரோடு எடுக்காது.

வருடக்கணக்கில் போகும்போது எலும்பு. ஈஸ்ட்ரோஜன் மெனோபாஸ் அளவுக்கு விழாது, ஆனால் குறையும். பதின்வயதுப் பெண்களிடம் 12 மாத ஆய்வில் இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 1.2 சதவீதம் குறைந்தது. மெலிந்த உடல், ஸ்டீராய்டு, தாய்க்கு எலும்பு முறிவு என்று ஏதாவது இருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேட்கலாம். 45 வயதைத் தாண்டி ஒழுங்கற்ற ரத்தப்போக்கோடு வருபவர்களுக்கு, உட்படலப் பரிசோதனை செய்யாமல் மாத்திரையைத் தொடங்குவது தவறு. இன்னொரு குழப்பமும் அந்த வயதில் வரும்: மாத்திரையால் பீரியட்ஸ் நின்றிருப்பதை வைத்து மெனோபாஸ் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆறு மாதம் சரியாகப் போட்டும் ரத்தம் அடங்கவில்லை என்றால் முன்பு சொன்ன லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. சாதனம், அதாவது பலரும் மிரீனா என்று சொல்வது, அடுத்த பேச்சு. அதிலும் முதல் மூன்று முதல் ஆறு மாதம் ஸ்பாட்டிங் உண்டு. கருப்பை பெரிதாக இருந்தால் சாதனம் வெளியே தள்ளப்படும் வாய்ப்பு கூடும். அதனால் சிலருக்கு முதலில் சில மாதம், ஈஸ்ட்ரோஜனைத் தற்காலிகமாக அடக்கும் லூப்ரோலைடு ஊசி போட்டுக் கருப்பையைச் சுருக்கிவிட்டு வைப்பார்கள். சாதனத்தின் நூல் கைக்குத் தட்டுப்படவில்லை என்றாலோ, அடங்கியிருந்த ரத்தப்போக்கு ஒரே வாரத்தில் பழையபடி பெருகினாலோ ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.