விண்டோஸ் 11 மாற்றம்: இன்வென்ட்டரி அறிக்கையில் ‘தகுதியில்லை’ என்று வந்ததும் சிஸ்டத்தைக் கழித்துவிடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதையொட்டி நடுத்தர அலுவலகம் ஒன்றில் நடந்ததை வைத்தே இந்த எச்சரிக்கை. ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்த வெண்டர் நெட்வொர்க் முழுவதையும் ஒரு இன்வென்ட்டரி மென்பொருளால் (எந்த சிஸ்டத்தில் என்ன இருக்கிறது என்று பட்டியலிடுவது) ஸ்கேன் செய்தார். பாதிக்கு மேற்பட்ட சிஸ்டங்களுக்கு எதிரே ‘டிபிஎம் இல்லை, விண்டோஸ் 11 ஏறாது’ என்று சிவப்பு அடித்தார். (டிபிஎம் என்பது குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி; விண்டோஸ் 11 அதைக் கேட்கிறது.) புது சிஸ்டங்களுக்கான கொட்டேஷனையும் அதே கோப்பில் வைத்துக் கொடுத்தார். பணம் கட்டி, புதியவை வந்திறங்கிய பிறகுதான் கழித்துப்போட்டவற்றை ஒருவர் திறந்து பார்த்தார். அவற்றில் பல எட்டாம், பத்தாம் தலைமுறை இன்டெல் சிஸ்டங்கள். சிலவற்றில் டிபிஎம் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) அணைந்திருந்தது. மற்றவற்றில் அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஸ்கேன் செய்த மென்பொருளால் அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

படிக்க முடியாத இடத்தை மென்பொருள் காலியாக விட்டிருந்தது. காலிக் கட்டத்தை ‘இல்லை’ என்று மாற்றியது எக்செல் தாளைத் தயாரித்தவர். ஏமாற்று நடந்தது அங்கேதான்.

ஏன் படிக்க முடியாமல் போகிறது? ப்ராசசர், ரேம், டிஸ்க் விவரங்களை டபிள்யூஎம்ஐ (சிஸ்டத்தின் விவரங்களை மற்ற மென்பொருள்களுக்குச் சொல்லும் விண்டோஸ் வசதி) வழியாக எடுப்பது எளிது. டிபிஎம் விவரம் மட்டும் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய தனி நேம்ஸ்பேஸில், அதாவது அதன் தனிப் பிரிவில் இருக்கிறது. அதைத் தொட அட்மின் உரிமை வேண்டும். தூரத்திலிருந்து கேட்டால் இணைப்பு ‘பாக்கெட் பிரைவசி’ என்ற குறியாக்க நிலையிலும் இருக்க வேண்டும். சாதாரண நிலையில் கேட்கும் மென்பொருளுக்கு அனுமதி மறுப்புதான் பதில். அதனால் ஒரே சிஸ்டத்தில் ப்ராசசர் பெயர் சரியாக வந்து டிபிஎம் மட்டும் காலியாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்கேனைத்தான்.

சரிபார்க்க அந்த சிஸ்டத்தின் முன் உட்கார்ந்து ரன் பெட்டியில் ‘டிபிஎம்.எம்எஸ்சி’ (tpm.msc) கொடுத்தால் போதும். வரும் திரையில் ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்றிருந்தால் வேலை முடிந்தது. டிபிஎம்மே கிடைக்கவில்லை என்று வந்தால் பயாஸுக்குள் போங்கள். இன்டெல் போர்டுகளில் ‘பிடிடி’ (PTT), ஏஎம்டி போர்டுகளில் ‘எஃப்டிபிஎம்’ (fTPM) என்ற பெயரில் இருக்கும். குறிப்பாக அசெம்பிள்டு சிஸ்டங்களில் இது அணைந்தே இருப்பது சகஜம். ஏற்கெனவே பிட்லாக்கர் (டிஸ்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) போட்ட சிஸ்டம் என்றால், பயாஸில் கை வைக்கும் முன் ரெக்கவரி கீயை எடுத்து வைத்துவிட்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்ய மறக்காதீர்கள்.

உண்மையான தடை பெரும்பாலும் ப்ராசசர்தான். இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து ஏறும். ஆறாம் தலைமுறைக்கு வழியில்லை, ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள்தான். ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து என்பார்கள், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது: 2200ஜி, 2400ஜி இரண்டும் 2-இல் தொடங்கினாலும் பழைய ஜென் வடிவமைப்பு, மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இல்லை. எனவே ‘ரைசன் 5’ என்று மட்டும் எழுதிய அறிக்கையை ஏற்காதீர்கள், முழு மாடல் எண் வேண்டும். ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி என்பது விதி. 4 ஜிபியில் நிம்மதியாக வேலை செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து இன்னொரு ரேம் கார்டும் ஒரு எஸ்எஸ்டியும். புது சிஸ்டம் அல்ல.

செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) விஷயத்திலும் இதே கதைதான். அது ஆன் ஆகியிருக்க வேண்டும் என்பதல்ல விதி; அதை ஆதரிக்கும் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலான புதிய முறை) போர்டாக இருக்க வேண்டும் என்பதுதான். லெகசி முறையில் (பழைய பயாஸ் முறை) விண்டோஸ் போட்ட சிஸ்டத்தை மென்பொருள் ‘ஆதரவு இல்லை’ என்று காட்டிவிடும். பேக்கப் எடுத்துவிட்டு, டிஸ்கை யுஇஎஃப்ஐ-க்கு ஏற்ற அமைப்புக்கு மாற்றும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ கருவியை முதலில் வேலிடேட் நிலையில் ஓட்டுங்கள். டிஸ்கில் பிரைமரி பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். தேறினால் கன்வர்ட் செய்து, அடுத்த ரீஸ்டார்ட்டிலேயே பயாஸை யுஇஎஃப்ஐ-க்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சிஸ்டம் பூட் ஆகாது. மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகிய சிஸ்டத்தில் சிஎஸ்எம்-ஐ (பயாஸில் பழைய முறைக்கும் இடம் கொடுக்கும் அமைப்பு) அணைத்ததும் திரை கறுப்பாக நின்றுவிடலாம். அப்போது பிழை கார்டில், போர்டில் அல்ல.

அடுத்தது, ஸ்கேனில் அகப்படாத சிஸ்டங்கள். அறிக்கையில் ‘பதில் இல்லை’ என்ற வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பிங்குக்குப் பதில் சொல்லாததால் விட்டுப்போனவை, டபிள்யூஎம்ஐ பயன்படுத்தும் டிசிபி 135-உம் 49152 முதல் 65535 வரையுள்ள போர்ட்டுகளும் ஃபயர்வாலில் மூடியிருப்பவை, டொமைனில் (அலுவலகத்தின் மையக் கணக்கு அமைப்பு) சேராத ஒர்க்குரூப் சிஸ்டங்கள் எல்லாம் இங்கே வரும். ஒர்க்குரூப்பில் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும், ரிமோட் யுஏசி என்ற விண்டோஸ் பாதுகாப்பு, தூரத்திலிருந்து வரும்போது அந்த உரிமையைக் குறைத்துவிடும். பழைய பதிப்பு மென்பொருளுக்கு இன்னொரு தடையும் உண்டு: 2023 மார்ச் 14 அப்டேட்டிலிருந்து டிகாம் (டபிள்யூஎம்ஐ தூரத்திலிருந்து பேசும் வழி) பாதுகாப்பு கட்டாயமாகிவிட்டது. ஸ்கேன் செய்யப்படும் சிஸ்டத்தின் ஈவன்ட் வியூவரில் 10036 என்ற எண் வரிசையாக வந்தால் காரணம் அதுதான். இதற்கெல்லாம் எல்லா சிஸ்டத்திலும் ஃபயர்வாலை அணைத்துவிடலாம் என்று வெண்டர் சொன்னால் சம்மதிக்கவே கூடாது. டபிள்யூஎம்ஐ-க்கென்று ஃபயர்வாலில் தனி விதித்தொகுதி இருக்கிறது. ஸ்கேன் செய்யும் ஒரே ஐபி முகவரிக்கு மட்டும் அதைத் திறந்தால் போதும். ஜிஎல்பிஐ, ஓசிஎஸ் இன்வென்ட்டரி போன்ற கட்டணமில்லா மென்பொருள்களின் ஏஜென்ட்டை (விவரம் எடுத்து அனுப்பும் சிறு மென்பொருள்) ஒவ்வொரு சிஸ்டத்திலும் நிறுவினால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி வராது, ஏஜென்ட் உள்ளேயிருந்தே படிக்கிறது.

மைக்ரோசாஃப்ட்டே ‘ஹார்ட்வேர் ரெடினெஸ்’ என்றொரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறது. தகுதி உண்டு, தகுதி இல்லை என்பவற்றோடு ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்ற மூன்றாவது விடையும் அதில் உண்டு. வெண்டரின் அறிக்கையில் இந்த மூன்றாவது வகையே இல்லையென்றால் யாரோ அதை இரண்டாவதோடு சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். திருத்தாத மூலக் கோப்பைக் கேளுங்கள். தர மறுத்தால் பர்ச்சேஸ் ஆர்டரை நிறுத்தி வையுங்கள்.

சிஸ்டம் கணக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசியிருந்தால் எண்ணிக்கையையும் சோதிக்க வேண்டும். மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள எண்) அடையாளமாகக் கொண்டால், வைஃபையிலும் கேபிளிலும் இணையும் ஒரே லேப்டாப் இரண்டாகப் பதிவாகும். மாறாக, அசெம்பிள்டு சிஸ்டங்களில் சீரியல் எண் இடத்தில் ‘டிஃபால்ட் ஸ்ட்ரிங்’ என்றே இருக்கும். பத்து சிஸ்டம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

மேம்படுத்தி முடித்த பிறகும் இன்வென்ட்டரியில் ஒரு மயக்கம் வரும். விண்டோஸ் 11 போட்ட சிஸ்டத்திலும் ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ‘ப்ராடக்ட் நேம்’ பகுதியில் விண்டோஸ் 10 என்றே இருக்கும். அதைப் படிக்கும் மென்பொருள் வேலை நடக்கவில்லை என்று காட்டும். முடிந்த வேலைக்கே மறுபடி பில் போட இது வசதி. பில்ட் எண்ணைப் பாருங்கள்: 22000-உம் அதற்கு மேலும் விண்டோஸ் 11, 19045 என்றால் விண்டோஸ் 10. எதிர்த்திசை மோசடியும் உண்டு: ஆறாம் தலைமுறை சிஸ்டத்தில் சோதனையைத் தாண்டவைத்து 11-ஐ ஏற்றி ‘முடிந்தது’ என்று ஒப்படைப்பார்கள். இப்படி ஏற்றியதற்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பில்ட் எண்ணையும் ப்ராசசர் மாடலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது அகப்பட்டுவிடும்.

முறையான விண்டோஸ் 10 ப்ரோ லைசென்ஸ் உள்ள, தகுதியான சிஸ்டத்துக்கு 11 ப்ரோ இலவசம். ‘புது லைசென்ஸ்’ என்று கொட்டேஷனில் வரி இருந்தால் அடித்துவிடுங்கள். விண்டோஸ் 10-இன் எல்டிஎஸ்சி (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்புகளையும் அவசரப்பட்டுக் கழிக்க வேண்டாம்: எல்டிஎஸ்சி 2019-க்கு 2029 ஜனவரி 9 வரையும், எல்டிஎஸ்சி 2021-க்கு 2027 ஜனவரி 12 வரையும் ஆதரவு இருக்கிறது. உண்மையிலேயே ஏறாத சிஸ்டங்களுக்கு அவகாசம் வேண்டுமென்றால் நிறுவனங்களுக்கான ஈஎஸ்யு (கட்டணத்துக்குத் தரும் கூடுதல் காலப் பாதுகாப்பு அப்டேட்) உண்டு. முதலாண்டு ஒரு சிஸ்டத்துக்கு 61 டாலர், பிறகு ஆண்டுக்காண்டு இரட்டிப்பு, மூன்றாண்டு வரை. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் முதலாண்டுக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும்.

எந்த இன்வென்ட்டரியும் சொல்லாத ஒன்று: மேசை டிராயரில் கிடக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், டாங்கிள் (மென்பொருள் உரிமத்துக்காகச் செருகும் சாவி). ஸ்கேன் நேரத்தில் செருகியிராதது அறிக்கையில் வராது. ஒவ்வொரு பிரிவிலும் கேட்டு எழுதி, ஒரே ஒரு சிஸ்டத்தை முதலில் மாற்றி, அவற்றின் டிரைவர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

ஸ்கேனுக்காக வெண்டரிடம் டொமைன் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வொர்க்ஸ்டேஷன்களில் மட்டும் அதற்கு அட்மின் உரிமை கொடுங்கள். ஸ்கேன் முடிந்த அன்றே கணக்கை முடக்கி, அவர் வைத்துப்போன ஏஜென்ட்டையும் நீக்கச் செய்யுங்கள்.