ஐப்பசி முதல் தை வரை: உப்புநீரும் மூக்கு ஸ்ப்ரேயும்

வேளச்சேரி வீட்டில் ஐப்பசி மழைக்குச் சுவரில் ஈரம் ஊறத் தொடங்கியதும் எனக்குத் தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு எல்லாம் வரிசையாக வந்துவிடும். தை பாதி போகும்வரை விடாது. பரிசோதனையில் தூசிப்பூச்சி அலர்ஜி என்று தெரிந்தது. காற்றில் ஈரம் கூடினால் மெத்தை, தலையணையில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி பெருகும். போதாததற்குப் போகிப் புகை வேறு.

சில வருடங்களாக எனக்கு நன்றாகக் கைகொடுப்பது உப்புநீரால் மூக்கைக் கழுவுவதுதான். 240 மில்லி பிடிக்கும் பாட்டிலும் அதற்கான உப்புப் பொட்டலமும் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி மெதுவாக அழுத்தினால் ஒரு பக்கம் விட்ட தண்ணீர் மறுபக்கம் வழிந்துவிடும். வேகமாக அழுத்தினால் காது அடைக்கும். உப்பு குறைந்தால் எரியும்.

தண்ணீரில் மட்டும் சமரசமே கூடாது. மெட்ரோ வாட்டரோ, லாரித் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். குடித்தால் ஒன்றும் செய்யாத ஒருவகை அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். கேரளத்தில் உயிர்களே போயிருக்கின்றன. பாட்டிலையும் கழுவிக் காயவிடுங்கள்.

கழுவி முடித்த பிறகு, டாக்டர் எழுதிக்கொடுத்த புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. இது அடித்தவுடன் கேட்கும் மருந்து இல்லை, முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம்கூட ஆகும். அதனால் அவர் சொன்னபடி புரட்டாசிக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுகிறேன். வலது கையால் இடது மூக்கில், காதுப் பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும்.

மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து நிமிடத்தில் திறந்துவிடும், உண்மைதான். ஆனால் நாள்கணக்கில் தொடர்ந்தால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை ரொம்ப முடியாத நாளில் மட்டும், அதுவும் இரவில்தான். எனக்குத் தூக்கம் தள்ளும், வண்டி ஓட்ட முடியாது. அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். வெறும் வெயிலில் உலர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். அப்புறம், ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தூசிப்பூச்சிக்கு அது பெரிய உதவி இல்லை. அலர்ஜியைத் தூண்டும் அந்தப் பூச்சியின் கழிவு காற்றில் அதிக நேரம் மிதக்காது, சீக்கிரம் கீழே படிந்துவிடும். போகிப் புகைக்கு வேண்டுமானால் உதவும். அந்தப் பணத்தில் முதலில் மெத்தைக்கு ஜிப் வைத்த உறை வாங்குங்கள்.

நெஞ்சில் வீசிங் கேட்டால் இதெல்லாம் போதாது. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.